கல்வெட்டைப் படமெடுக்க மாவு தடவலாமா?

கேள்வி: ஐயா, தொம்லூரில் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். இங்கே சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டு இருப்பது போன மாதம்தான் கண்ணில் பட்டது. செல்போனில் எடுத்தால் வெறும் கல்தான் தெரிகிறது. மாவு தடவினால் எழுத்து பளிச்சென்று வரும் என்கிறார்கள். அப்படி எடுத்து ஏஐ ஆப்பில் போட்டால் படித்துக் கொடுத்துவிடுமா?
– வாசகி, பெங்களூரு

பதில்: மாவு மட்டும் வேண்டாம் அம்மா. சாக்பீஸ், எண்ணெய், மஞ்சள் எதுவுமே வேண்டாம். எழுத்துக் குழியில் போய் அடைந்துகொண்டால் எடுப்பது கஷ்டம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் எழுத்தே போய்விடும்.

உங்களுக்குத் தேவை ஒரு டார்ச். அர்ச்சகரிடம் சொல்லிவிட்டு, இருட்டிய பிறகு போங்கள். போனைக் கல்லுக்கு நேராக அசையாமல் நிறுத்திவிட்டு, டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். வெளிச்சம் சாய்வாக விழுந்ததும் ஒவ்வொரு குழியிலும் நிழல் கட்டும். எழுத்து எழுந்து நிற்கும். இடம், வலம், மேல், கீழ் என்று டார்ச்சை மாற்றி நாலு படம் எடுங்கள். ஒன்றில் மறைந்த கோடு இன்னொன்றில் வரும். பகலில்தான் முடியும் என்றால் யாரையாவது கறுப்புக் குடை பிடிக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் ஒரு ஸ்கேலை வைக்க மறக்காதீர்கள்.

ஆப் விஷயத்துக்கு வருகிறேன். பழைய கல்வெட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்கு மேல் புள்ளி கிடையாது. நெடில் ஏகாரம், ஓகாரத்துக்குத் தனிக் குறி கிடையாது. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். ‘கோயில்’ என்பது ‘கொயில’ என்று நிற்கும். ‘நாடு’ என்பதை ‘நரடு’ என்றும் படிக்கலாம். இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் ஒருமுறை ஓரம் உடைந்த கல்லின் படத்தை ஓர் ஆப்பில் போட்டேன். தடங்கலே இல்லாமல் நாலு வரி வந்தது. சந்தோஷமாகக் கல்லோடு வைத்துப் பார்த்தால், உடைந்துபோன இடத்திலும் ஒரு வார்த்தை! அன்றிலிருந்து முதலில் நானே எழுத்தெழுத்தாகப் பெயர்த்து எழுதுகிறேன்; தெரியாத இடத்தில் புள்ளி வைக்கிறேன். ஆப்பிடம் அப்புறம்தான் போவேன்.

இன்னொரு நல்ல சேதி. பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகளைக் கல்வெட்டு ஆய்வாளர் பி.எல். ரைஸ் 1905இலேயே ‘எபிகிராஃபியா கர்னாடிகா’ என்ற கல்வெட்டு நூல்வரிசையின் ஒன்பதாம் தொகுதியில் அச்சிட்டுவிட்டார். ஸ்கேன் பிரதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தேடும்போது இன்றைய பெயரோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் ஊர் கல்வெட்டில் ‘தொம்பலூர்’; ‘தேசிமாணிக்கப்பட்டணம்’ என்றும் ஒரு பெயர் உண்டு. ஆங்கில எழுத்தின் மேலும் கீழும் குறி போட்ட அந்தக் கால அச்சைக் கணினி தப்புத் தப்பாகத்தான் பிடிக்கிறது. அதனால் தேடலில் வரவில்லை என்றால் இல்லை என்று விட்டுவிடாமல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். சக ஆண்டு என்ற பழைய ஆண்டுக் கணக்கைக் கண்டால், கி.பி. ஆண்டு தெரிய 78 கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் முன்பின் ஆகலாம்.

1909இல் தொடங்கிய, பெங்களூரு வரலாற்று ஆய்வுச் சங்கமான மிதிக் சொசைட்டியும் நம் நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் செய்து வருகிறது. உங்கள் கல் அதில் வந்துவிட்டதா என்று கேளுங்கள்.

படம் எடுத்ததும் தேதி, எந்தத் தூண், எந்தப் பக்கம் என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். முதல் வரியைச் சேர்ந்தே படிப்போம்.