அம்மாவின் பாத எரிச்சலுக்குக் கஞ்சா எண்ணெய்: எத்தனை சொட்டு கொடுக்கலாம்?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. நீரிழிவால் இரண்டு பாதங்களிலும் எரிச்சல், இரவில் தூக்கமே இல்லை. இதயத் துடிப்புக் கோளாறுக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். தெரிந்தவர் ஒருவர், தாய்லாந்தின் ஹாட்யாயிலிருந்து வந்த கஞ்சா எண்ணெய், போதை இல்லாதது என்று ஒரு சின்னப் புட்டியை 250 ரிங்கிட்டுக்குக் கொடுத்தார். நான்கு சொட்டு கொடுத்ததும் அம்மா நன்றாகத் தூங்கினார். ஆனால் விடிகாலையில் கழிப்பறைக்குப் போகும்போது தள்ளாடினார். தம்பியும் முதுகுவலிக்கு அதையே எடுக்கிறான். அவன் லாரி ஓட்டுகிறான். எத்தனை சொட்டு பாதுகாப்பு? (செந்தூல் வாசகி)

பினாங்கு மருந்தாளரின் பதில்:

சகோதரி, சொட்டுக் கணக்கு யாரும் சொல்ல முடியாது. அந்தப் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது. உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை பதில் ஒன்றுதான்: இன்றோடு நிறுத்துங்கள்.

காரணம் வார்ஃபரின். கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி, போதை தராதது சிபிடி. இரண்டுமே வார்ஃபரினைக் கல்லீரல் கழிக்கும் வேலையைத் தடுக்கக்கூடியவை. மாத்திரை அதே அளவுதான், ஆனால் இரத்தம் மேலும் நீர்த்துப்போகும். ஆகவே போதை இல்லாத எண்ணெய்தானே என்ற சமாதானம் இங்கே எடுபடாது. இந்த வாரமே போய் ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற சோதனை) பார்த்துவிடுங்கள். ஈறில் இரத்தம், கறுப்பாக மலம், காரணமில்லாமல் உடம்பில் நீலம் பாய்வது, இதில் எது தெரிந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். பயந்துகொண்டு வார்ஃபரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும்.

விடிகாலைத் தள்ளாட்டம் எனக்கு ஆச்சரியம் இல்லை. வயிற்றுக்குள் போகும் கஞ்சா வேலை செய்யத் தொடங்கவே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும், அப்புறம் எட்டு மணி நேரம்கூட நீடிக்கும். ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னும் இரண்டு சொட்டு விடுகிறார்கள் பாருங்கள், பெரும்பாலான வம்பு அங்கேதான் ஆரம்பம். தள்ளாட்டம் வந்ததால் புட்டியில் டிஎச்சி இருந்திருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. வயதானவர்களுக்கு அதனால் தலைசுற்றல், குழப்பம், இதயப் படபடப்பு எல்லாம் வரும்.

இந்த எண்ணெயை விற்கும் ஏஜெண்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். வாட்சாப்பில் ஒரு குழந்தையின் வலிப்பு நின்ற காணொளியை அனுப்புவார்கள். அது பொய் என்று நான் சொல்லவில்லை. லெனாக்ஸ்-கஸ்டோ, டிராவே போன்ற கடுமையான குழந்தை வலிப்பு நோய்களுக்குச் சுத்திகரித்த சிபிடி மருந்தை அமெரிக்கா 2018-இல் அங்கீகரித்தது. ஆனால் அளவைப் பாருங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 10 மில்லிகிராம் என்றால், 20 கிலோ குழந்தைக்கு 200 மில்லிகிராம். ஏஜெண்டின் புட்டியில் 500 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும், அதுவும் புட்டி முழுவதற்கும் சேர்த்து. எழுதியது உண்மையாகவே இருந்தாலும் இரண்டரை நாளில் காலி. அந்த மருந்தைக் கொடுக்கும்போது கல்லீரல் பரிசோதனை செய்கிறார்கள், மற்ற வலிப்பு மாத்திரைகளோடு மோதுகிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் குழந்தைக்குக் கிடைத்தது அளந்து கொடுத்த மருந்து, அதுவும் வலிப்புக்கு. உங்கள் அம்மாவுக்கு நரம்பு எரிச்சல். அந்தக் காணொளிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்த வலை, தாய்லாந்து டாக்டர் கடிதம் இருந்தால் போதும் என்பது. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது, 2025-இல் மருந்துச் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியது. புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டி மலேசியாவுக்குள் வந்தால் இங்கே நடப்பது 1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம். கொஞ்சம் வைத்திருந்தாலே 5 ஆண்டு வரை சிறை, அளவு கூடினால் தண்டனையும் கூடும். 200 கிராமைத் தொட்டால் கடத்தல் என்றே சட்டம் ஊகிக்கும். கட்டாயத் தூக்கு 2023-இல் நீங்கியது, தூக்கு நீங்கவில்லை. அந்தப் புட்டியை இன்னொரு வீட்டுக்குத் தள்ளிவிடாதீர்கள், விநியோகித்த பழி உங்கள் மேல் வரும். என்ன செய்வது என்று முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

2021-இல் மலேசியச் சுகாதார அமைச்சு, பதிவு பெற்ற மருந்தாக இருந்து, உரிமத்தோடு இறக்குமதியாகி, டாக்டர் எழுதிக் கொடுத்தால் கஞ்சா மருந்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு என்றது. நல்லது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு 'அரசாங்கமே அனுமதித்துவிட்டது' என்று விற்கிறார்கள். பெட்டியில் மால் (MAL) என்ற மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராமும் இல்லாத எதையும் தொடாதீர்கள். அந்தப் பதிவு எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள், போலிப் பதிவு எண்களையும் அச்சடித்து ஒட்டுகிறார்கள்.

எரிச்சலுக்கு வழி இல்லாமல் இல்லை. காபாபென்டின், பிரிகாபாலின், டுலோக்சடின் என்று மாத்திரைகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதைச் சிறுநீரகம், வயது, வார்ஃபரின் மூன்றையும் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டும். 5 ரிங்கிட்டுக்கு அரசு நிபுணரைப் பார்க்கலாம் என்று பெருமைப்படுகிறோம். வலிக்குத் தேதி கேட்டால் மாதங்கள் தள்ளிப்போகிறது, உள்ளே போனால் காலைத் தொட்டுப் பார்க்கக்கூட நேரம் இல்லை. ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து ஒரு மணி நேரம் கதை கேட்கிறான். அவனிடம் ஜனங்கள் போகாமல் என்ன செய்வார்கள்? ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். வார்ஃபரின் ஐஎன்ஆர் பார்க்கும் இடத்தில் மருந்தாளர் இருப்பார். எண்ணெய் கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள், எரிச்சலால் தூக்கமில்லை என்பதையும் அங்கேயே பதியச் சொல்லுங்கள்.

தம்பி விஷயம் வேறு. டிஎச்சி கொழுப்பில் தங்கும், தினமும் எடுப்பவரின் சிறுநீரில் வாரக்கணக்கில் தெரியும். சோதனையில் சிக்கினால் அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவில் 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை, அப்புறம் கண்காணிப்பு வேறு. முதுகுவலிக்கு எடுத்தேன், வெறும் எண்ணெய்தான் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. நேற்று இரவு எடுத்திருந்தால் இன்று காலை லாரிச் சாவியைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.