ரூட்டரின் பூட்டைத் திறந்தது குற்றமா?

கானாடுகாத்தானிலிருந்து வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது:

"எங்கள் பூர்வீக வீட்டின் முகப்பில் இணைய நிறுவனம் வைத்துவிட்டுப் போன ஃபைபர் பெட்டியின் வைஃபை, முற்றத்தைச் சூழ்ந்த வளவைத் தாண்டுவதற்குள் செத்துவிடுகிறது. அதற்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டில் உட்கார்ந்துதான் நான் கம்பெனி வேலை பார்க்கிறேன். இணைப்பு, கோயம்புத்தூரில் இருக்கும் என் பெரியப்பச்சி (பெரியப்பா) பெயரில் உள்ளது. காரைக்குடியில் என் பணத்தில் வாங்கிய ஒரு ரூட்டரில், தயாரிப்பாளரின் ஃபெர்ம்வேரை, அதாவது கருவியை இயக்கும் உள்நிரலை, நீக்கிவிட்டு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மாற்று நிரலைப் போட்டேன், நன்றாக ஓடியது. அந்தத் துணிச்சலில் என் நண்பன் நிறுவனத்தின் பெட்டியையும் திறந்து, உள்ளே கம்பி வைத்துப் பற்றவைத்து, அதிலும் ஃபெர்ம்வேரை மாற்றினான். பழுது பார்க்க வந்த லைன்மேன் பெட்டியின் முத்திரைச் சீல் கிழிந்திருந்ததைப் படம் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் இணைப்பு துண்டிக்கப்பட்டது. 8,000 ரூபாய் கட்டாவிட்டால் ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 65, 66 பிரிவுகளில் போலீசுக்குப் போவோம் என்கிறார்கள். இதற்கிடையில் நான் வாங்கிய ரூட்டரில் லேன் கம்பி செருகும் துளைகளில் ஒன்று வேலை செய்யவில்லை. மென்பொருளை மாற்றியதால் வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் செய்தது குற்றமா? பணம் கட்டித்தான் ஆகவேண்டுமா?"

நீங்கள் கடிதத்துடன் அனுப்பியிருந்த இரண்டு தாள்களைத்தான் முதலில் படித்தேன். ஒன்று, காரைக்குடிக் கடையில் உங்கள் பெயருக்குப் போடப்பட்ட ஜி.எஸ்.டி. பில், ரூட்டரின் மாடலும் வரிசை எண்ணும் அதில் தெளிவாக இருக்கின்றன. மற்றொன்று, இணைப்புக் கொடுத்த அன்று பெரியப்பச்சியிடம் கையெழுத்து வாங்கிய சீட்டின் கார்பன் நகல். மங்கிப்போன அதன் கடைசி வரியில், கருவி நிறுவனத்தின் சொத்து என்றும், இணைப்பை முடித்துக்கொள்ளும்போது நல்ல நிலையில் திருப்பித் தரவேண்டும் என்றும், வைப்புத்தொகை 1,500 ரூபாய் என்றும் இருக்கிறது. உங்கள் கேள்விகளில் பாதிக்கு மேல் விடை இந்த இரண்டு தாள்களிலேயே அடங்கியிருக்கிறது. பெட்டிக்குப் பூட்டு இருந்ததா என்று பார்ப்பதற்கு முன்னால், அது யாருடைய பெட்டி என்றுதான் சட்டம் பார்க்கும்.

முகப்பில் இருந்த ஃபைபர் பெட்டி உங்களுடையது அன்று, பெரியப்பச்சியுடையதும் அன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 148-ஆவது பிரிவில், ஒரு நோக்கத்துக்காகப் பொருளை ஒருவரிடம் கொடுத்து, நோக்கம் முடிந்தபின் திரும்பப் பெறும் உறவை ஒப்படைப்பு என்கிறது. நம் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பங்காளி வீட்டு அண்டாவை இரவல் வாங்குவதும் இந்த வகைதான். அதில் சோறு வடிக்கலாம், ஆனால் நமக்கு வசதியாக இருக்கும் என்று அதன் காதை அறுத்து வேறு காது வைத்து ஒட்டமுடியாது. ஒப்படைப்பின் நிபந்தனைக்கு முரணாக நடந்தால், கொடுத்தவர் அந்த உறவை முறித்துக்கொள்ளலாம் என்று 153-ஆவது பிரிவும், நிபந்தனையை மீறிப் பயன்படுத்தியதால் பொருளுக்கு நேர்ந்த சேதத்துக்கு ஈடுகட்டவேண்டும் என்று 154-ஆவது பிரிவும் சொல்கின்றன. ஆகவே பெட்டியைத் திருப்பிக் கேட்கவும், உண்மையான சேதத்துக்குப் பணம் கேட்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. இதில் உங்களுக்குச் சாதகமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஆனால் அந்த 8,000 ரூபாய் எப்படி வந்தது? சீட்டில் அப்படி ஒரு தொகை இல்லை. அப்படியே ஒப்பந்தத்தின் வேறு பக்கத்தில் அபராதத் தொகை குறிக்கப்பட்டிருந்தாலும், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி அது உச்சவரம்பே. அதற்கு உட்பட்ட நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். இழப்போ சேதமோ ஏற்பட்டிருந்தால்தான் இழப்பீடு என்ற பேச்சே எழும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. எனவே பெட்டியின் மாடல், அதன் வயது, இன்றைய விலை, என்ன பழுது, பழைய ஃபெர்ம்வேரை மீண்டும் ஏற்றினால் பெட்டி பயன்படுமா என்ற விவரங்களை எழுத்தில் கேளுங்கள். வைப்புத்தொகையை அதில் கழித்துக்கொள்ளவேண்டும் என்றும் எழுதுங்கள். ஒப்பந்தம் பெரியப்பச்சியின் பெயரில் இருப்பதால், இந்தக் கடிதம் அவர் கையெழுத்தில்தான் போகவேண்டும்.

இனி போலீஸ் மிரட்டல். ஐ.டி. சட்டத்தின் 65-ஆவது பிரிவு உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. கணினி மூலநிரலை (நிரலாளர் எழுதிய மூல வடிவத்தை) வைத்திருக்கவேண்டும் அல்லது பராமரிக்கவேண்டும் என்று ஏதேனும் ஒரு சட்டம் கட்டாயப்படுத்தியிருக்கும்போது, அதை மறைப்பதையும் அழிப்பதையும் திருத்துவதையும் பற்றியது அது. வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் ஃபெர்ம்வேருக்கு அப்படி ஒரு கட்டாயம் எங்கும் இல்லை. எண்ணைக் கேட்டதும் எதிராளிக்கு வயிறு கலங்கட்டும் என்று பிரிவுகளை அடுக்குவது வசூல்காரர்களின் பழைய வழக்கம்.

66-ஐ அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 'கணினி' என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள விளக்கம் மிக விரிவானது. தரவைக் கையாளும் மின்னணுக் கருவி எதுவும் அதற்குள் வந்துவிடும், ரூட்டர் உட்பட. உரிமையாளரின் அனுமதியின்றி அதற்குள் நுழைவதும் அதிலுள்ள தகவலை நீக்குவதும் மாற்றுவதும் 43-ஆவது பிரிவின்படி இழப்பீட்டுக்கு உரியவை. அதே செயலை நேர்மையற்ற எண்ணத்துடனோ மோசடியாகவோ செய்தால்தான் 66-ஆவது பிரிவு வரும். மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நேர்மையற்ற எண்ணம் என்றால், தவறான வழியில் ஆதாயம் பெறவோ பிறருக்கு நட்டம் உண்டாக்கவோ நினைப்பது. மாதக் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டிவந்த நீங்கள், கட்டாத வேகத்தைத் திருடவில்லை, பிறர் இணைப்பில் நுழையவில்லை. இரண்டாங்கட்டுக்குச் சிக்னல் வரவேண்டும் என்றுதான் நண்பர் கையால் இதைச் செய்தீர்கள். இது 43-இன் கீழ் உரிமையியல் பொறுப்பைத் தரலாமேயன்றி, 66-இன் கீழ் குற்றமாகாது என்பது என் கருத்து. ஒருவேளை புகாரே பதிவானாலும், 66 ஜாமீனில் விடக்கூடிய, சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்கமுடியும். அழைத்தால் போங்கள்; இரண்டு தாள்களையும் கட்டண ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கடிதத்தின் பின்பக்கத்தில் உங்கள் நண்பரின் அடுத்த யோசனையையும் எழுதியிருக்கிறீர்கள்: நிறுவனப் பெட்டியின் வரிசை எண்ணை, வெளியில் வாங்கிய வேறொரு ஃபைபர் பெட்டியில் எழுதி, அதுதான் நிறுவனத்தின் பெட்டி என்று மறுமுனையில் உள்ள நிறுவனக் கருவியை நம்பவைப்பது. தயவுசெய்து இதைத் தொடாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, 2024 ஜூன் மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. தொலைத்தொடர்பு அடையாளங்களைத் திருத்துவதும், தமக்கு ஒதுக்கப்படாத அடையாளத்தைப் பயன்படுத்துவதும் அதன்படி குற்றம். ஒரு கருவியைத் தனித்து அடையாளம் காட்டும் எண்ணும் எழுத்தும் அந்த விளக்கத்துக்குள் வருகின்றன. தண்டனை மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதுவரை நீங்கள் செய்ததற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

நீங்கள் விலை கொடுத்து வாங்கிய ரூட்டரின் கதை வேறு. அதற்கு உரிமையாளர் நீங்களே ஆகையால் 43, 66 பிரிவுகள் எழவே எழா. மீதமிருப்பது பதிப்புரிமை. தயாரிப்பாளர் கையொப்பமிட்ட ஃபெர்ம்வேரைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி போட்ட பூட்டு, 2012 திருத்தத்தின் மூலம் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு பேசும் தொழில்நுட்பப் பாதுகாப்பு என்று அவர்கள் வாதிடலாம். வாதிடட்டும். அந்தப் பிரிவு, பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவரைத்தான் தண்டிக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு நோக்கத்துக்காகச் செய்வதை அதே பிரிவு விலக்கியும் வைத்திருக்கிறது. தன் ரூட்டரில் இருந்த நிரலை அழித்துவிட்டு, எவரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு வெளியான வேறொரு நிரலை ஏற்றுபவர் எதையும் திருட்டுத்தனமாகப் படியெடுக்கவில்லை. மாற்றுவதற்கு முன் பழைய ஃபெர்ம்வேரை ஒரு படி எடுத்து வைத்தீர்கள் அல்லவா, அதையும் 52(1)(ஏஏ) பிரிவு காப்புப்படி என்று அனுமதிக்கிறது. அந்தப் படியை வாட்ஸ்அப் குழுவில் போட்டு நாலு பேருக்குக் கொடுத்தால் மட்டும் சிக்கல், கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் ரூட்டருக்கென்றே 2021-இல் விலக்கு வழங்கினார்கள் என்று உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான், ஆனால் அது அந்த நாட்டுச் சட்டத்துக்கான விலக்கு. சிவகங்கையில் அதைக் காட்டி வாதாட முடியாது, வாதாடத் தேவையும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரூட்டரைப் பூட்டி வைக்கும் தயாரிப்பாளர்களில் பலர் உள்ளே ஓடவிடுவது, ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் வரும், லினக்ஸ் என்ற இயக்க மென்பொருளின் கருநிரலைத்தான். கருவியை விற்பவர் அதன் மூலநிரலையும் தரவேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டருக்குள் லினக்ஸ் இருப்பது 2003-இல் தெரியவந்து, கேள்வி எழுந்து, மூலநிரல் வெளியானதன் விளைவாகத்தான் 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. பெயரிலேயே அந்த மாடல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் ரூட்டருடன் வந்த கையேட்டில் ஜி.பி.எல். பற்றிய ஒரு பக்கம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மூலநிரலைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புவதில் தவறில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களை எச்சரிக்கவேண்டியிருக்கிறது. எந்த நாட்டு வரம்புக்குள் அலை வீசவேண்டும் என்று ரூட்டருக்குச் சொல்லும் நாட்டுக் குறியீட்டை மாற்றி அலைவீச்சின் சக்தியைக் கூட்டிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த 2005-இல் வந்த விதிகள், கருவியின் வெளியீடு 1 வாட், ஆன்டெனா வழியே வெளிப்படும் வீச்சு 4 வாட், ஆன்டெனா கூரைக்கு மேல் 5 மீட்டர் என்ற எல்லைகளுக்குள்தான் விலக்குத் தருகின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு 2018-இல் வந்த விதிகளிலும் இப்படி வரம்புகள் உண்டு. வரம்பைத் தாண்டினால், ரூட்டர் உங்களுடையதாக இருந்தும் அலைக்கற்றை உங்களுடையது ஆகாது. குறியீட்டை உடனே இந்தியாவுக்கு மாற்றுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, இதனால் பயனும் இல்லை: ரூட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், உங்கள் கைபேசி பதில் சொல்லும் குரல் அதே குரல்தான், அது அந்தச் சுண்ணாம்புச் சுவரைக் கடந்து திரும்பவேண்டுமே.

வாரண்டி மறுப்பைப் பொறுத்தவரை, மென்பொருளை மாற்றினால் வாரண்டி இல்லை என்ற நிபந்தனை அட்டையில் அச்சாகியிருப்பதால் வழக்கு நிச்சயம் வெல்லும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் ஒரு லேன் துளை மட்டும் செத்துப்போவது பெரும்பாலும் வன்பொருள் கோளாறு. நிரலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று காட்டமுடிந்தால் நிபந்தனையின் பின்னால் ஒளிவது கடினம். பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி அறிக்கை பெறும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு இருக்கிறது. ஆனால் அதே கோடையில் இடி விழுந்து மின்விசிறியும் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு அதைக் கேட்கும், பதிலை யோசித்து வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதியுங்கள். அதில் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சிவகங்கை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்; கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது; காலவரம்பு இரண்டு ஆண்டு. ஒரு ரூட்டரின் விலைக்கு இத்தனை அலைச்சல் தேவையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

அறிவிப்பே இல்லாமல் இணைப்பைத் துண்டித்தது தனிக் குறைபாடு. நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து எண் வாங்கி, பதில் திருப்தியில்லை என்றால் அதன் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். இணைப்பு பெரியப்பச்சி பெயரில் இருந்தாலும், அவர் சம்மதத்தோடு சேவையை அனுபவிப்பவர் என்ற முறையில் நீங்களும் நுகர்வோரே. அந்தச் சம்மதத்தை இரண்டு வரியில் எழுதி வாங்கி வையுங்கள்.

இதற்கிடையில் பெட்டியில் மேற்கொண்டு எதையும் மாற்றாமல், கிழிந்த சீல், பின்பக்க லேபிள், உள்ளே பற்றவைத்த இடம் ஆகியவற்றைத் தேதியோடு படமெடுத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். இணைப்புத் திரும்ப வந்ததும், அவர்கள் தரும் பெட்டியை முகப்பில் அப்படியே விட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு லேன் கம்பியை இழுத்து இரண்டாங்கட்டில் உங்கள் ரூட்டரைப் பொருத்துங்கள். செப்புக் கம்பிக்கு 100 மீட்டர் வரை போகலாம், உங்கள் வீட்டின் நீளத்துக்கு அது தாராளம். வளவு பங்காளிகள் அனைவருக்கும் பொது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகையால் சுவரில் துளை போடாமல் தாழ்வார உத்தரத்தை ஒட்டிக் கம்பியைக் கொண்டுபோங்கள், துளை போட்டே ஆகவேண்டும் என்றால் மற்றப் புள்ளிகளிடமும் (பங்காளிக் குடும்பங்களிடமும்) முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.