டிவிடெண்டையும் சேர்த்தால்தான் லாபக் கணக்கு

கேள்வி: ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் 200 பங்குகளை ரூ.250 விலையில் வாங்கினேன். இப்போது விலை ரூ.270. ஆண்டுதோறும் 150% டிவிடெண்ட் தருகிறார்கள். ஆனால், பங்குத் தரகரின் செயலி மொத்த லாபமே 8% என்று காட்டுகிறது. எதை நம்புவது? – திருச்சி வாசகி

பதில்: அந்தச் செயலி வாங்கிய விலையையும் இன்றைய விலையையும் மட்டுமே ஒப்பிடுகிறது. நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் டிவிடெண்ட் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்குப் போய்விடுவதால், அது இந்தக் கணக்கில் ஏறுவதில்லை. பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை நிறுவனத்தின் பெயரோடு ரூ.3,000 வரவாகியிருக்கும். 150% என்பது சந்தை விலைக்கு அல்ல, பங்குக்கு நிறுவனம் நிர்ணயித்த முகமதிப்பான 10 ரூபாய்க்குக் கணக்கிடப்படுவது, அதாவது பங்குக்கு ரூ.15. சந்தை விலையோடு ஒப்பிட்டால் அது ஐந்தரை சதவிகிதம்தான். இந்த 150 என்ற எண்ணைப் பார்த்து மயங்கிப் பங்கு வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நீங்கள் போட்டது ரூ.50,000. விலை ஏற்றத்தில் ரூ.4,000, டிவிடெண்டாக ரூ.15,000, ஆக மொத்தம் ரூ.19,000 கிடைத்திருக்கிறது, இது 38%. ஆனால் ஐந்து ஆண்டுகளில் கிடைத்ததை வங்கி வட்டியோடு ஒப்பிட வேண்டுமானால், எந்தத் தேதியில் எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று எக்செல்லில் வரிசையாக எழுதி, தேதிவாரியான வரவு செலவிலிருந்து ஆண்டு வருமான விகிதத்தைக் கணக்கிடும் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்ற சூத்திரத்தைப் போட வேண்டும். உங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 7.4% வருகிறது. விலையை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றரை சதவிகிதத்தைச் சற்றே தாண்டியிருக்கும். நிறுவனம் இலவசமாகப் போனஸ் பங்கு தந்திருந்தாலோ, ஒரு பங்கைப் பலவாகப் பிரித்திருந்தாலோ, கூடியிருக்கும் பங்கு எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுங்கள்.

வரியையும் மறக்கக் கூடாது. 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டுக்குப் பங்குதாரரே தம் வருமான வரம்புப்படி வரி கட்ட வேண்டும். ரூ.3,000 என்பதால் நிறுவனம் முன்கூட்டியே வரி பிடித்திருக்காது என்றாலும், கணக்குத் தாக்கலில் அதைக் காட்டியாக வேண்டும். நீங்கள் 20% வரம்பில் இருந்தால், செஸ் சேர்க்காமலே, ஆண்டு வருமானம் 6.2% அளவுக்கு இறங்கிவிடும்.

இதைப் பெரிய நிறுவனங்களின் பங்கு விலைக் குறியீடான நிஃப்டியோடு ஒப்பிடும்போது, தொலைக்காட்சியில் ஓடும் சாதாரண நிஃப்டியை எடுக்காமல், டிவிடெண்டை மறுமுதலீடு செய்ததாகக் கொண்டு கணக்கிடப்படும் நிஃப்டி டி.ஆர்.ஐ. குறியீட்டை எடுங்கள். மியூச்சுவல் ஃபண்டுகள் 2018 பிப்ரவரி முதல் இத்தகைய குறியீட்டோடுதான் தங்களை ஒப்பிட வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதித்திருக்கிறது.

கேள்வி: டிவிடெண்ட் அதிகம் தரும் பங்குகளில் ரிஸ்க் குறைவுதானே? என் கணவரின் ஓய்வுக்காலப் பணத்தை அவற்றில் போடலாமா? – கும்பகோணம் வாசகி

பதில்: அப்படிக் கொள்ள முடியாது. மேலே சொன்ன பங்கே ரூ.150-க்கு விழுந்துவிட்டால், அதே 15 ரூபாய் திடீரென 10% வருமானமாகத் தெரியும். லாபம் சரிந்து அடுத்த ஆண்டு டிவிடெண்ட் குறையும் என்று சந்தை அஞ்சுவதால்கூட விலை அப்படி விழுந்திருக்கலாம். தவிர, புதிதாக வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடைக்காது என்றாகும் முதல் நாளில் விலையும் ஏறக்குறைய டிவிடெண்ட் அளவுக்கு இறங்கித் தொடங்கும்.

ரிஸ்க்கைப் புரிந்துகொள்ள, விலையின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் திட்ட விலக்கம், பீட்டா போன்ற அளவுகளைவிட, உச்சத்திலிருந்து அந்தப் பங்கு எவ்வளவு விழுந்தது, மீள எத்தனை ஆண்டுகள் ஆயின என்று பார்ப்பதே குடும்பங்களுக்கு உதவும் என்பது என் கருத்து. 2008 ஜனவரி 8 அன்று 20,873-இல் முடிந்த சென்செக்ஸ், 2009 மார்ச் 9 அன்று 8,160-இல் முடிந்தது, 61% இழப்பு. அதை ஈடுகட்ட 156% ஏற வேண்டியிருந்தது. 2010 தீபாவளிச் சமயத்தில் பழைய உயரத்தைத் தொட்டும் நிலைக்காமல் மறுபடி சரிந்தது. முப்பது பெரிய நிறுவனங்கள் சேர்ந்த குறியீட்டுக்கே இந்த நிலை என்றால், தனியொரு பங்கு இதைவிட ஆழமாகவும் விழலாம். ஆகவே அடுத்த ஐந்தாறு ஆண்டுகளின் வீட்டுச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் வேண்டிய தொகையை வங்கியிலோ அஞ்சலகத்திலோ வைத்துவிட்டு, மீதியில் எவ்வளவு என்பதைக் கணவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.