காணியை ஈடு வைக்கவேண்டாம், அறிக்கைக் கொப்பியை எடுங்கள்

விசுவமடுவிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் கிளிநொச்சியில் நேர்முகத் தேர்வுக்குப் போன இடத்தில், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்ட முதற் கேள்விக்கே வாயடைத்துப்போய்த் திரும்பி வந்ததை எழுதியிருந்தீர்கள். இரண்டு கிழமையாக ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கிறாள் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உயர்தரத்தில் வணிகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளை. கனடாவிலிருக்கும் உங்கள் தம்பி, கொழும்பில் ஆங்கில மொழிமூலம் வணிக முகாமைத்துவப் பட்டம் படிக்க அனுப்பச் சொல்கிறார். பாதிப் பணம் அவர் தருவாராம், மீதிக்கு வயற்காணியை ஈடு வைக்க யோசிக்கிறீர்கள். கடிதத்தின் அடியில் ஒரு வரி: "இவளுக்கு அதில விருப்பமில்லைப் போலக் கிடக்கு, எந்நேரமும் மாதர் சங்கத்துக் கூட்ட அறிக்கைக் கொப்பியோடதான் இருக்கிறாள்." நீங்கள் அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முழுக் கடிதத்திலும் முக்கியமான வரி அதுதான்.

பிள்ளை வாயடைத்துப்போனதற்காகப் பயப்படாதீர்கள். காணி ஈட்டுக்குப் பயப்படுங்கள்.

ஆங்கில மொழிமூலப் பட்டம் ஆங்கிலம் கற்பிப்பதற்கானது அல்ல. ஆங்கிலம் ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு முகாமைத்துவத்தைக் கற்பிப்பது அது. விரிவுரையைக் காதால் பின்தொடர முடியாத பிள்ளை என்ன செய்யும்? குறிப்புகளை மனப்பாடம் செய்யும், பரீட்சையில் அப்படியே எழுதும். சோதனையில் பாஸ் வரும், பட்டமும் கிடைக்கும், ஆனால் மேசைக்கு அந்தப்பக்கம் மூன்றுபேர் இருந்து கேள்வி கேட்டால் அதே மௌனம்தான். அப்போது வட்டியும் ஏறியிருக்கும். பிள்ளை விரும்பிக் கேட்கும் படிப்பென்றால் கடன்பட்டாவது யோசிக்கலாம். விருப்பமில்லாத படிப்புக்கு விளையும் காணியை ஈடு வைப்பதற்கு என்னால் ஓம் என்று சொல்ல முடியாது.

தம்பி சொல்லும் இரண்டாவது வழி, வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் எழுதும் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை. அதன் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் நாள் நெருங்கும்போது எழுதவேண்டிய பரீட்சையை இப்போது எழுதினால் கட்டணம் வீண். கிளிநொச்சியில் ஒரு திட்ட உதவியாளர் வேலைக்கு அதை யாரும் கேட்கப்போவதுமில்லை. "முப்பது நாளில் ஆங்கிலம்" வகுப்புகள் ஓர் அறிமுகப் பேச்சைப் பாடமாக்கி அனுப்பும். இரண்டாவது கேள்வியில் அது முடிந்துவிடும். ஆசிரியத் தொழில், வங்கிப் பரீட்சை, முகாமைத்துவ உதவியாளர் பரீட்சை எல்லாம் உங்கள் ஒழுங்கையிலேயே பத்துப்பேருக்குத் தெரிந்தவை. அவற்றை நான் விரிக்கவில்லை.

முதலில் பிள்ளை ஏன் மௌனமானாள் என்று பார்ப்போம். உயர்தரப் பொது ஆங்கிலம், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியில் சேராது. சேராத பாடத்துக்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்? ரியூசனும் இல்லை, வன்னியில் பல பள்ளிக்கூடங்களில் தொடர்ச்சியாக ஆங்கில ரீச்சரும் இருந்ததில்லை. அதனால் கேள்வி காதில் விழுந்ததும் மனதுக்குள் தமிழாக்கி, தமிழில் பதில் யோசித்து, அதை ஆங்கிலமாக்கி, பிழை பார்த்து, பிறகு வாய் திறக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் பத்து வினாடி போய்விடும். எதிரே இருப்பவர்கள் தெரியாது என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அவளிடம் சொற்கள் இருக்கின்றன. வேலையிடத்தில் திரும்பத் திரும்ப வரும் ஓர் ஐம்பது அறுபது வசனங்கள் மொழிபெயர்க்காமல் வாயில் வரும் அளவுக்கு ஊறவில்லை, அவ்வளவுதான்.

அந்த வசனங்கள் ஊறுவதற்கு நான் கண்ட நல்ல வழி, உங்கள் மகள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் கூட்ட அறிக்கை எழுத்து.

வன்னியில் ஆங்கிலம் எங்கே தேவைப்படுகிறது என்று நினைத்துப் பாருங்கள். மிதிவெடி அகற்றும் நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், கிளிநொச்சி, வவுனியா ஆடைத் தொழிற்சாலைகளின் அலுவலகப் பகுதி, வங்கிகளின் கொழும்புத் தலைமையகத்தோடு நடக்கும் சூம் கூட்டம். அரசியலமைப்பு சிங்களத்தையும் தமிழையும் அரச கரும மொழிகளாக வைத்து, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. நடைமுறையிலும் அது அப்படித்தான். தமிழ் தெரியாத சிங்கள அலுவலரும் சிங்களம் தெரியாத எங்கள் பிள்ளையும் நடுவில் சந்திக்கும் இடம் அது. அங்கே பகட்டு ஆங்கிலம் உதவாது. யார், எதை, எப்போதைக்குள் செய்வது என்பதைப் பிழையில்லாமல் சொல்லும் ஆங்கிலம் போதும். கூட்டம் முடிந்த அன்றைக்கே ஒரு பக்க அறிக்கையை ஆங்கிலத்தில் அனுப்பக்கூடிய ஒரு பிள்ளையை எந்த அலுவலகமும் விடாது. இது தெரிந்தும் ஒருவரும் இதை ஒரு தொழிற்திறனாகப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

இனி செய்முறை. மாதர் சங்கம் மாதம் ஒருமுறை கூடும். அது மட்டும் காணாது. கமக்கார அமைப்பு, பாடசாலை அபிவிருத்திச் சங்கம், சனசமூக நிலையம் என்று இன்னும் இரண்டிலாவது அறிக்கை எழுத உதவுகிறேன் என்று கேட்கச் சொல்லுங்கள். மறுக்கமாட்டார்கள், எல்லா ஊரிலும் செயலாளர் பதவி ஆள் தேடும் பதவிதான். கூட்டத்தில் தமிழில் குறிப்பெடுக்கட்டும். பக்கத்தை நான்காகப் பிரித்துக் கோடு போடவேண்டும்: பேசிய விடயம், எடுத்த முடிவு, பொறுப்பாளர், தவணைத் திகதி. ஆட்கள் பேசியதை வரிக்கு வரி எழுதப் போனால் முடிவு தப்பிவிடும். புதிதாக எழுதுபவர்கள் எல்லோரும் விடும் பிழை இது. பொறுப்பாளரோ திகதியோ காலியாக இருந்தால், கூட்டம் கலைய முன்னமே எழும்பிக் கேட்கவேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவுதான் பிறகு அலுவலகக் கூட்டத்திலும் வாயைத் திறக்க வைக்கும்.

மறுநாளைக்குள், ஞாபகம் மங்க முன், ஆங்கிலத்தில் ஒரு பக்கம், 200 சொற்களுக்குள். சங்க அறிக்கைக்கென்று தமிழில் ஓர் அச்சு இருக்கிறதல்லவா: "சென்ற கூட்ட அறிக்கை வாசிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது", "இன்னார் முன்மொழிய இன்னார் வழிமொழிந்தார்", "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது". ஆங்கிலத்திலும் இதே அச்சு அப்படியே இருக்கிறது: 'இட் வாஸ் டிசைடட் டு', 'புரப்போஸ்ட் பை', 'செக்கண்டட் பை'. தமிழில் கைவந்ததால் ஆங்கிலத்தில் புதிதாக யோசிக்க ஒன்றுமில்லை, வசனம் தன்பாட்டில் பொருந்தும். எழுதியதைச் சத்தமாக மூன்றுதரம் வாசித்து, போனில் பதிவுசெய்து கேட்கட்டும். ஆறு மாதத்தில், மாதம் மூன்று கூட்டமென்றால், 18 அறிக்கை கையில் இருக்கும்.

எங்கள் தமிழே காலை வாரிவிடும் இடங்கள் சில உண்டு. கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைக்கட்டும்.

முதலாவது, 'பை' என்பதும் 'அன்ரில்' என்பதும். "வெள்ளிக்குள் தருகிறேன்" என்பதற்கு 'பை ஃபிரைடே'. "வெள்ளிவரை இருப்பேன்" என்பதற்கு 'அன்ரில் ஃபிரைடே'. தமிழில் "வெள்ளிவரை தவணை" என்று சொல்வதால் எங்கள் பிள்ளைகள் இரண்டுக்கும் 'அன்ரில்' போடுகிறார்கள். தவணைத் திகதியில் குழப்பம் வந்தால் வேலையே பிழைக்கும்.

இரண்டாவது இன்னும் ஆபத்தானது. "அறிக்கையை அனுப்பவில்லையா?" என்று கேட்டால் நாங்கள் "ஓம்" என்போம். அதற்கு "ஓம், அனுப்பவில்லை" என்று பொருள். ஆங்கிலத்தில் இதே கேள்விக்கு 'யெஸ்' என்றால் அனுப்பியாகிவிட்டது என்று பொருள். மேலதிகாரி நம்பிக்கொண்டு போவார், மறுநாள் பிள்ளை பொய் சொன்னவளாக நிற்பாள். எதிர்மறையில் கேட்டால் வெறும் 'யெஸ்', 'நோ' சொல்லவே கூடாது. 'ஐ ஹாவ் நாட் சென்ட் இட் யெட்' என்று முழு வசனமாகச் சொல்லவேண்டும்.

மூன்றாவது, "ஒரு சந்தேகம்" என்பதை 'ஐ ஹாவ் எ டவுட்' என்று சொல்வது. எங்களுக்குள் விளங்கும். வெளிநாட்டு அலுவலருக்கு, நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்பதுபோலக் கேட்கும். 'ஐ ஹாவ் எ குவெஸ்சன்' போதும். இலட்சமும் அப்படித்தான், எங்களுக்குள் மட்டும் விளங்கும். ஒரு இலட்சத்தை 'வன் ஹண்ட்ரட் தௌசண்ட்' என்றும் பத்து இலட்சத்தை 'வன் மில்லியன்' என்றும் சொல்லப் பழகவேண்டும். 15, 50 இரண்டும் காதில் ஒன்றாக விழும். எண் வந்தால் 'வன் ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தவேண்டும்.

விளங்காதபோது தலையாட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பெரியவர்களை இடையில் மறிக்கக்கூடாது என்று வளர்த்த பிள்ளை அது, மரியாதையால் வந்த பழக்கம். ஆனாலும் கூட்டத்தில் அது ஆபத்து. 'குட் ஐ செக் வன் திங்' (ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளலாமா) என்று தொடங்கினால் மரியாதையும் கெடாது, கேள்வியும் கேட்டதாகும்.

நேர்முகத் தேர்வுக்கு வருவோம். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் அப்பாவின் பெயர், ஊர், எத்தனையாவது பிள்ளை என்று எங்கள் பிள்ளைகள் தொடங்குகிறார்கள். அதெல்லாம் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. அவர்கள் கேட்பது, இந்த வேலைக்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்பதை. ஒன்றரை நிமிடம், 150 முதல் 180 சொற்கள். இப்போது என்ன செய்கிறேன், அதற்கு ஓர் ஆதாரம், ஏன் இந்த வேலை என்ற மூன்று துண்டு. ஆதாரத்தில் எண் இருக்கவேண்டும்: சங்கத்தில் எத்தனை உறுப்பினர், எத்தனை கூட்டத்துக்கு அறிக்கை எழுதினாள், கடன் நிலுவைக் கணக்கில் எதைத் திருத்தினாள். உண்மை எண் மட்டும்தான். கூட்டிச் சொன்னால் அடுத்த கேள்வியில் பிடிபடும். அடக்கத்தில் "நாங்கள் செய்தோம்" என்று சொல்வதும் வேண்டாம், அவள் செய்ததை 'ஐ' போட்டே சொல்லட்டும். இந்தப் பதிலை வரிக்குவரி பாடமாக்கக் கூடாது. மூன்று துண்டுக்கும் மூன்று சொல்லை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, ஒவ்வொரு தடவையும் வேறு வசனத்தில் சொல்லிப் பார்க்கவேண்டும். பாடமாக்கியவருக்கு ஒரு சொல் மறந்தால் எல்லாம் போய்விடும். உங்கள் மகளுக்கு அன்று நடந்ததும் இதுவாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

பதினெட்டு அறிக்கையில் நல்லதாக மூன்றைத் தெரிந்தெடுத்து, உறுப்பினர்களின் பெயரையும் கடன் விபரங்களையும் மறைத்து, கோவையில் போட்டுக் கொண்டுபோகட்டும். கேள்விக்குப் பதில் தடுமாறினாலும் அந்தக் கடதாசியைக் காட்டிக் கதைக்கத் தொடங்கலாம். கையில் பிடிக்க ஒரு பொருள் இருந்தால் கதை தானாக வரும்.

சான்றிதழ் வேண்டாமா என்று உறவுக்காரர் கேட்பார்கள். வேண்டும். செயலாளர் பணி சார்ந்த என்விகியூ (தேசிய தொழிற் தகைமை) நான்காம் மட்டப் பயிற்சி இருக்கிறதா என்று தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். தனியார் நிலையமென்றால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இலக்கத்தை முதலில் கேட்டுப் பாருங்கள். நிலையத்தின் பதிவு வேறு, அந்தப் பாடநெறிக்கான அங்கீகாரம் வேறு. இரண்டையும் காட்டாமல் காசு கட்டவேண்டாம். வேலையில் சேர்ந்து அனுபவம் வந்தபின், முன் கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்குப் போயும் என்விகியூ பெறலாம். பட்டம் வேண்டுமென்று பிள்ளையே ஒருநாள் கேட்டால், அப்போது அவள் சம்பளத்திலிருந்து பகுதிநேரமாகப் படிக்கட்டும்.

தம்பிக்கு என்ன சொல்வதென்று கேட்டிருந்தீர்கள். அவர் அக்கறையில்தான் சொல்கிறார், முறிக்கவேண்டாம். காசுக்குப் பதிலாக அவரிடம் நேரம் கேளுங்கள். சனிக்கிழமை எங்களுக்கு இரவு ஏழு மணி என்றால் ரொறன்ரோவில் காலை, கோடையில் ஒன்பதரை, மாரியில் எட்டரை. வாட்ஸ்அப்பில் அரை மணித்தியாலம் ஆங்கிலத்தில் மட்டும். அந்தக் கிழமை எழுதிய அறிக்கையை அவர் முன்னால் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கட்டும்: என்ன முடிவெடுத்தீர்கள், யார் பொறுப்பு, சொன்ன திகதிக்குள் முடியாவிட்டால் என்ன செய்வீர்கள். பிழைவிட்டால் இடையில் திருத்தக்கூடாது, முடிந்தபின் இரண்டு பிழையை மட்டும் சொல்லட்டும். தமிழுக்கு மாறினால் அவர் பதில் சொல்லாமல் இருக்கவேண்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டாம் அம்மா, குசினிக்குள் போய்விடுங்கள். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் அவள் கதைக்கமாட்டாள்.