விட்டு விட்டு எரியும் கார் விளக்குகள்: கேள்வி பதில்

பழைய கார்களில் மெக்கானிக்கையே அதிகம் அலைக்கழிப்பது விட்டு விட்டு வருகிற வயரிங் கோளாறுதான். ஷெட்டில் நிறுத்தினால் எல்லா விளக்கும் ஒழுங்காக எரியும், வீடு திரும்பும்போது அணையும். அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: எப்போது அணைகிறது? சூடேறிய பிறகா, மழையிலா, வண்டி குலுங்கும்போதா? இதற்குப் பதில் தெரியும்வரை எதையும் கழற்ற வேண்டாம்.

கேள்வி (மதுரை): சார், 1994 அம்பாசடர் வைத்திருக்கிறேன். இடது ஹெட்லைட் திடீரென்று மங்கும் அல்லது அணையும். பக்கத்தில் தட்டினால் எரிகிறது. பல்பு மாற்றியாச்சு. எலெக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்து, 12 வோல்ட் வருகிறது, வயரிங் சரி என்கிறார்.

பதில்: கப்ளரை, அதாவது வயர் வந்து மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பைக் கழற்றி, பல்பு இல்லாமல் அளந்திருப்பார். அப்படி அளந்தால் வயரில் ஒரே ஒரு கம்பி இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட்தான் காட்டும். குழாயில் அடைப்பு இருந்தாலும் தண்ணீரைத் திறக்காதவரை அழுத்தம் முழுசாகத் தெரியும், அது மாதிரி. கரண்ட் ஓடும்போதுதான் குறை வெளியே வரும். ஆகவே பல்பு மாட்டியபடி, விளக்கு எரியும்போதே அளக்க வேண்டும்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் மைனஸில், மறு முனை கப்ளரின் பின்பக்கம் எர்த் வயரில் (கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வயர்) படட்டும். விளக்கு எரியும்போது 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அரை வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் கெட்டிருக்கிறது. அப்புறம் இதே போல பேட்டரி பிளஸுக்கும் கப்ளரின் பிளஸ் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். இங்கே அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். மீட்டரை எடுக்காமலேயே, உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு வயரை ஒவ்வொரு சாணாக அசைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் அசைத்தால் எண் குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு.

55 வாட் பல்பு சுமார் 4.5 ஆம்பியர் இழுக்கும். எர்த் போல்ட்டில் துரு ஏறி 0.2 ஓம் தடை வந்தாலே 0.9 வோல்ட் அங்கே போய்விடும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் ஹேலஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். இந்த 0.2 ஓமை மீட்டரின் ஓம் அளவில் தேடாதீர்கள். சாதாரண மீட்டரின் வயர்களுக்கே அவ்வளவு தடை இருக்கும்.

இன்னொரு அடையாளம் சொல்கிறேன். டிம்மில் ஓட்டும்போது டேஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கு லேசாக மினுங்குகிறதா? அப்படியானால் ஒரு பக்க ஹெட்லைட்டின் எர்த் அறுந்திருக்கிறது. டிம், பிரைட் இரண்டுக்கும் இழை உள்ள எச்4 பல்பில் இரண்டு இழைக்கும் எர்த் முனை ஒன்றுதான். அது விட்டுப்போனால் டிம் இழையில் வந்த கரண்ட் பிரைட் இழை வழியாகத் திரும்பி ஓடி அடுத்த பக்கம் போய் எர்த் தேடும். ஆனால் பழைய டொயோட்டா போன்ற சில ஜப்பானிய கார்களில் பொது முனை பிளஸ், ஸ்விட்ச் இருப்பது எர்த் பக்கம். அவற்றில் இந்தக் கணக்கு தலைகீழாகும்.

கேள்வி (திருச்சி): இருபது வருடப் பழைய சின்ன கார். ராத்திரி நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினால் இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து அணைகின்றன. பார்க்கிங் லைட் மட்டும் எரிகிறது. ஓரங்கட்டி ஐந்து நிமிடம் விட்டால் திரும்ப வருகிறது. 100/90 வாட் (பிரைட் 100, டிம் 90) பல்பு போட்டிருக்கிறேன்.

பதில்: தயவுசெய்து இதைச் சரிசெய்யும்வரை ராத்திரியில் வண்டியை எடுக்காதீர்கள். லாரி எதிரே வரும்போது இரண்டும் அணைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டும் சேர்ந்து அணைவதால் பல்பையும் ஹோல்டரையும் விட்டுவிடலாம். இரண்டுக்கும் பொதுவான இடத்தைப் பார்க்க வேண்டும்: ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் காம்பினேஷன் ஸ்விட்ச், அதன் கப்ளர், ஃபியூஸ் பாக்ஸ். சூட்டில் அணைந்து ஆறினால் வருவது ஸ்விட்ச் காண்டாக்ட் தேய்ந்ததன் குணம். அந்தக் காலக் கார்கள் பலவற்றில் ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் மின்காந்த ஸ்விட்ச்) கிடையாது, ஹெட்லைட் கரண்ட் முழுக்க ஸ்விட்ச் வழியாகத்தான் போகும். பிரைட்டில் 60 வாட் பல்பு இரண்டுக்கு 10 ஆம்பியர். 100 வாட் என்றால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். ஸ்டியரிங் உறையைக் கழற்றிப் பாருங்கள், கப்ளரின் பிளாஸ்டிக் ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் பழுப்பாகியிருக்கும்.

முதல் வேலை, 60/55 பல்புக்குத் திரும்புவது. பிறகு டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே போடுங்கள். ரிலேயில் 30 என்று எழுதிய காலுக்கு பேட்டரி பிளஸிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து. 87-லிருந்து பல்புகளுக்கு. பழைய ஹெட்லைட் வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. இனி ஸ்விட்ச் ரிலே சுருளை மட்டும் இயக்கினால் போதும், அதற்கு கால் ஆம்பியர்கூட வேண்டாம். ரிலே போட்ட பிறகு 60/55 பல்பே முன்பைவிட நன்றாக எரிவதைப் பார்ப்பீர்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): பிரேக் மிதித்தால் வலது பின்பக்க இண்டிகேட்டரும் லேசாக எரிகிறது. சில நாள் சரியாக இருக்கிறது, மழை பெய்தால் கட்டாயம் வருகிறது.

பதில்: அந்தப் பக்க லேம்ப்பின் எர்த் போய்விட்டது. பிரேக் கரண்ட் நேராக பாடிக்குப் போக வழியில்லாமல் பக்கத்து பல்பு இழை வழியாகப் போகிறது. உறுதிப்படுத்த, ஒரு நீளமான வயரை பேட்டரி மைனஸிலிருந்து எடுத்து ஹோல்டரின் உலோகப் பகுதியில் வையுங்கள். உடனே சரியானால் முடிந்தது தேடல். கடலோரத்தில் செம்புக் கம்பியில் களிம்பு பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே ஏறியிருக்கும். கொஞ்சம் உரித்துப் பார்த்துக் கம்பி கறுப்பாக இருந்தால், பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிவிட்டுப் புது முனை போடுங்கள். எர்த் போல்ட் இருக்கும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் எமரி பேப்பரால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள்.

கேள்வி (சேலம்): பின்பக்க பார்க்கிங் லைட் ஃபியூஸ் எப்போதாவது ஒருமுறை போகிறது. புதிதாகப் போட்டால் பல நாள் நிற்கிறது. பெரிய ஃபியூஸ் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. பெரிய ஃபியூஸ் போகாமல் நின்றால் அடுத்து எரிவது வயர்.

ஃபியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஹோல்டரோடு ஒரு 21 வாட் பிரேக் பல்பை இரண்டு வயர் வைத்து மாட்டுங்கள். அந்த லைனில் உள்ள பார்க்கிங், நம்பர் பிளேட், டேஷ்போர்டு மீட்டர் பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். ஷார்ட் இல்லாவிட்டால் உங்கள் சோதனை பல்பு எரியாது. இனி வயரை அசைத்துக்கொண்டே போங்கள், பல்பு பளிச்சென்று எரியும் இடத்தில் வயர் பாடியைத் தொடுகிறது. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு ஃபியூஸை இழக்க வேண்டியதில்லை, வயரும் கருகாது. டிக்கி கதவின் கீல் பக்கம் முதலில் பாருங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வயர் அங்கே மடங்குகிறது. ரப்பர் வளையம் இல்லாமல் தகட்டு ஓட்டையில் நுழையும் இடங்களும், எலி கடித்த இடங்களும் அடுத்து.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, எங்களிடம் 1958 மொறிஸ் மைனர் இருக்கிறது. ஹெட்லைட் நினைத்தால் எரியும், நினைத்தால் அணையும். பியூஸ் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன.

பதில்: யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பதே பெரிய மகிழ்ச்சி. அந்தக் காரில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. ஆகவே ஃபியூஸை மறந்துவிடுங்கள், ஆனால் ஷார்ட் ஆனால் காப்பாற்ற எதுவும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். வேலை முடிந்ததும் ஒரு ஃபியூஸ் சேர்ப்பது நல்லது.

சந்தேகப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, கால் பக்கம் தரையில் இருக்கும் டிம் ஸ்விட்ச். செருப்பு மண்ணும் மழைத் தண்ணீரும் நேராக அதன்மேல்தான் விழும். அணையும்போது அதை நாலைந்து முறை மிதித்துப் பாருங்கள், எரிந்தால் அதுதான். மற்றது, வயர்கள் துப்பாக்கிக் குண்டு வடிவ முனையோடு ரப்பர் குழலுக்குள் இணையும் இடங்கள். ஒவ்வொன்றாக இழுத்து, துடைத்து, தளர்ந்த குழலை மாற்றுங்கள். பிரிட்டிஷ் நிறமுறைப்படி நீலம் ஹெட்லைட் ஸ்விட்சிலிருந்து வருவது, நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், சிவப்புக் கோடு டிம், கறுப்பு எர்த். இடையில் யாராவது வயர் மாற்றியிருந்தால் நிறத்தை நம்பாமல் சோதித்துப் பாருங்கள்.

அந்தக் கார் பிளஸ் எர்த்தோடு, அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடிக்குப் போகும்படி வந்தது. பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்த பிறகே எல்ஈடி பல்பு வாங்குங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): பத்மினி காரில் ஒன்று மாற்றி ஒன்று வருகிறது. மொத்த வயரிங் கிட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இன்ஜின் பக்கம் ஒரு வயரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். உறை வெடித்து உதிர்ந்தால் மாற்றத்தான் வேண்டும், ஒட்டுப்போட்டுப் பயனில்லை. உறை இன்னும் மென்மையாக இருந்தால் எர்த்துகளையும் முனைகளையும் மட்டும் புதுப்பித்தால் போதும். கோளாறைக் கண்டுபிடிக்க முடியாததால் கிட் மாற்றுவது எனக்குச் சம்மதமில்லை. கெட்டது ஸ்விட்சாக இருந்தால் புது வயரிங்கிலும் அதே கோளாறு வரும்.

மாற்றுவதென்று முடிவானால், பழையதைக் கழற்றும் முன் ஒவ்வொரு முனையிலும் டேப் ஒட்டி எழுதி, படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பழைய வயரிங்கைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். புதியதில் ஏதாவது ஒரு வயர் எங்கே போகிறது என்று தெரியாமல் நின்றால், அதை விரித்து வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.