கோண்டாவில் கிணற்றுத் தண்ணீரில் டிஸ்கஸ் வளருமா?

"யாழ்ப்பாணம் கோண்டாவிலில் புதுவீடு கட்டியிருக்கிறோம். மேல்மாடி விறாந்தையில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து டிஸ்கஸ் மீன் வளர்க்க ஆசை. கிணற்றுத் தண்ணீர்தான். எதில் தொடங்குவது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில் பாரத்தைப் பாருங்கள். இந்தத் தொட்டி நிறைந்தால் ஏறக்குறைய 680 லீற்றர், அதாவது 680 கிலோ தண்ணீர். 12 மில்லிமீற்றர் கண்ணாடி என்றால் அதுவே நூறு கிலோவுக்கு மேல். மணல், கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர ஒரு தொன்னை நெருங்கிவிடும். வீடு கட்டிய பொறியியலாளர் பிளானைப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் மேல்மாடியில் வைக்காதீர்கள். கீழ்வீட்டில், வெயில் நேரே விழாத சுவரோரமே நல்லது. தொட்டிக்கு அடியில் றெஜிபோம் (தெர்மோகோல்) தகடு போடுங்கள். இரண்டு அங்குலம் மட்டும் தண்ணீர் விட்டு நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். ஒரு மூலையில் ஆழம் கூடினால் தண்ணீரை இறைத்துவிட்டு ஸ்டாண்டைச் சரிப்படுத்துங்கள். நிரப்பிய பிறகு அசைக்கவே முடியாது.

இனித் தண்ணீர். வீட்டுக் கேத்திலைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்து, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாகப் பெயர்கிறதே, அது சுண்ணக்கல்லில் இருந்து வந்தது. நம் கிணற்று நீர் அந்தப் பாறைக்குள் ஊறி வருவதால் வன்மை, அதாவது கரைந்த சுண்ணாம்பு, கூடியது. அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவும் பெரும்பாலும் நடுநிலையான 7க்கு மேல். டிஸ்கஸோ அமேசனின் மென்மையான, சற்றே அமிலத்தன்மையான நீருக்குரிய மீன். நம்முடைய வெப்பம் அதற்கு வடிவாகப் பொருந்தும், தண்ணீர்தான் பொருந்தாது. மருந்து ஊற்றி பிஎச்சை இறக்கினாலும் கரைந்திருக்கும் சுண்ணாம்பு அதை மறுபடி ஏற்றிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தில் மீன் வாடிப்போகும். மழைநீர் கலக்கலாம். ஆனால் கிழமைக்குக் கால்வாசி மாற்றினால் 170 லீற்றர் வேண்டும். அதில் பாதி மழைநீர் என்றாலும், மாரி முடிந்து அடுத்த மாரிவரை முப்பது கிழமைக்கு 2,500 லீற்றருக்கு மேல் சேமிக்க வேண்டும். பண்ணையில் பிறந்த டிஸ்கஸ் ஓரளவு வன்னீரைத் தாங்கும், ஆனாலும் முதல் தொட்டிக்கு வேண்டாம். மொலி, கப்பி, பிளாட்டி எல்லாம் நம் தண்ணீரில் சந்தோசமாகப் பெருகும். ஆறடித் தொட்டிக்கு என் தெரிவு ஆபிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் சிக்லிட் மீன்தான். மஞ்சளும் நீலமுமாகக் கடல்மீன் போலவே இருக்கும். சண்டைக்காரர்கள், ஒளிய நிறையக் கற்குகை வையுங்கள்.

தோட்டங்கள் சூழ்ந்த இடம் என்பதால் உரத்தின் நைத்திரேற்று கிணற்றில் இறங்கியிருக்கலாம். தொட்டி நீரை மாற்றுவதே பெரும்பாலும் நைத்திரேற்றைக் குறைக்கத்தான். வார்க்கும் நீரிலேயே அது இருந்தால் என்ன பயன்? ஆகவே தொட்டி வாங்கும் முன்னரே கிணற்று நீரைச் சோதியுங்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டினால் மீனை விடுங்கள், புட்டிப்பால் குடிக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் முதலில் குழந்தையைக் கவனியுங்கள், அந்த நீர் அதற்கு ஆபத்து.

நிரப்பியதும் மீன் விட வேண்டாம். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியா பில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். நம் ஊரில் இதில் அவசரம் கூடவே கூடாது. ஒரே அளவு அமோனியாவானாலும் பிஎச் 7இல் இருப்பதைவிட 8இல் நச்சு ஏறக்குறைய பத்து மடங்கு. அந்த நாட்களில் பற்றீரியாவுக்கு அமோனியா கிடைக்க ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிடுங்கள். அமோனியா, நைத்திரைற்று இரண்டும் சோதனையில் பூச்சியமான பிறகு ஐந்தாறு மீனாக விடுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டால், அந்த மணம் போகும்வரை தொட்டிக்கு வார்க்காதீர்கள்.

ஹீட்டர் தேவையில்லை, அந்தக் காசுக்கு பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் வாங்குங்கள். 2022இல் கரண்ட் மணிக்கணக்காகப் போனது நினைவிருக்குமே. பில்டர் நெடுநேரம் நின்றிருந்தால் உள்ளே தேங்கிய நீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டுத்தான் திரும்ப ஓடவிட வேண்டும்.

கிணற்று நீரின் பெறுபேறு வந்ததும் எழுதுங்கள். எந்தச் சிக்லிட், எத்தனை என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.