லோங்காங்கில் வயிறு புடைத்துக் கிடக்கும் மலைப்பாம்பு

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டுக்குப் பின்னால் லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) இரண்டு நாளாக ஒரு மலைப்பாம்பு நகராமல் கிடக்கிறது, வயிறு பந்து மாதிரி வீங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனையைக் காணோம். மாமியார் பால் வைத்தால் குடித்துவிட்டுப் போய்விடும் என்கிறார், பக்கத்து வீட்டு அங்கிள் கந்தகத் தூள் போடச் சொல்கிறார். நாலு வயதுப் பையன் இருக்கிறான், பயமாக இருக்கிறது."

சகோதரி, இரண்டு நாள் காத்திருந்ததே அதிகம். பையனை உள்ளே வைத்துக்கொண்டு, பின்கதவைச் சாத்திவிட்டு 999க்கு அடியுங்கள். போம்பாவோ (தீயணைப்புப் படை) பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். அதுவரை யாராவது ஒருவர் தூரத்தில் நின்று கண் வைத்திருந்தால் போதும். குச்சியால் குத்துவதும் தண்ணீர் பீய்ச்சுவதும் வேண்டவே வேண்டாம்.

காரணம் இருக்கிறது. வயிறு நிறைந்த பாம்பு ஆளைத் தேடி வராது, அந்தப் பாரத்தோடு ஓடவும் அதற்கு முடியாது. ஆனால் மிரட்டினால் விழுங்கியதை அப்படியே கக்கிவிட்டு உடம்பை லேசாக்கிக்கொண்டு நழுவிவிடும். பட்டர்வொர்த்தில் ஒருமுறை ஆள் ஆளுக்கு வாளித் தண்ணீர் ஊற்ற, பாம்பு முழுக் கோழியைக் கக்கிப் போட்டுவிட்டுக் குழாய்க்குள் புகுந்ததை நானே பார்த்தேன். மந்தமாகக் கிடந்த பாம்பைப் பசித்த பாம்பாக்கி அடுத்த வீட்டுக்கு அனுப்பி வைத்ததுதான் மிச்சம்.

அது ஏன் அசையாமல் கிடக்கிறது என்றால், உள்ளே பெரிய வேலை நடக்கிறது. பாம்புக்கு நம்மைப் போல உள்சூடு கிடையாது, வெளிச்சூட்டை வாங்கித்தான் செரிக்க வேண்டும், உடம்பு குளிர்ந்தால் இரை வயிற்றிலேயே அழுகத் தொடங்கும். பர்மிய மலைப்பாம்புகளை வைத்து நடந்த ஆய்வில், பெரிய இரை தின்ற இரண்டு நாளில் இதயத் தசை ஏறக்குறைய 40 சதவீதம் பெருத்திருந்தது. எலும்பும் கரைந்துவிடும், முடியும் நகமும் மட்டும் எச்சத்தோடு வெளியே வரும். பூனை அளவு இரை முழுதாகச் செரிக்க ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகலாம், அதன்பின் வாரக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

தாடையைக் கழற்றிக்கொண்டு விழுங்கும் என்பார்கள், அது தப்பு. கீழ்த்தாடை இரண்டு துண்டு, நடுவில் இழுபடும் நார், அதனால் வாய் அகலமாக விரிகிறது, அவ்வளவுதான். இரையை மூச்சுத் திணறடித்துக் கொல்கிறது என்பதும் முழு உண்மை இல்லை. மலைப்பாம்பைப் போலவே இறுக்கிக் கொல்லும் போவா பாம்பு எலியை இறுக்கும்போது சில நொடிகளிலேயே இரத்த ஓட்டம் சரிந்துவிடுவதை 2015இல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். மலைப்பாம்புக்கு விஷம் இல்லை. ஆனால் பற்கள் பின்பக்கம் வளைந்தவை, கடித்தால் கிழிக்கும். பெரிய பாம்பு என்றால் சின்னப் பிள்ளைக்கு ஆபத்துதான், அதை மறைக்க மாட்டேன்.

சரி, பால்? மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பாம்பு தாய்ப்பால் குடித்து வளரும் பிராணி இல்லை, தாகத்தில் எதையாவது நக்கும், அது செரிக்காது. பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் முட்டை வைக்கிறார்களே என்று அவர் கேட்கலாம். அது படையல். அங்கிருக்கும் பச்சை விரியன் எலி, பறவை, பல்லி என்று உயிருள்ளதைப் பிடித்துத் தின்பது. கந்தகமும் பாம்பைத் தடுக்காது, பினாங்கு மழைக்கு ஒரு சாயங்காலம்கூடத் தாங்காது.

நீங்கள் பார்க்க வேண்டியது எலியை. மலைப்பாம்பின் உதட்டில் வரிசையாக இருக்கும் குழிகள் இருட்டிலும் எலியின் உடல் சூட்டை உணர்ந்துவிடும், எலி ஓடும் லோங்காங் அதற்குச் சாப்பாட்டுக் கடை. மூடாத குப்பைத் தொட்டி, பூனைக்கு இரவில் வைத்த மிச்சச் சோறு, இரண்டையும் நிறுத்துங்கள். வீட்டுக்குள் திறக்கும் குழாய் வாயில் கம்பி வலை போடுங்கள்.

அப்புறம், பாம்பைப் பிடித்ததும் பூனைக்காரர் வயிற்றைக் கிழித்துப் பார்க்கலாம் என்பார். விடாதீர்கள், மலைப்பாம்பு 2010 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, கத்தி எடுத்தவர் மேல்தான் வழக்கு வரும்.